மேனேஜரும் போனார், சோட்டோவும் போனார்: சான் டியாகோ பாட்ரேஸோட 2023 ஆஃப்சீசன், ஒரு நிகழ்வு ஆய்வு

2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு 2024 அக்டோபர் வரைக்கும் சான் டியாகோ பாட்ரேஸ்ன்ற அமெரிக்க பேஸ்பால் டீம்ல நடந்தத வரிசையா எழுதி வெக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டே இருந்தேன். அந்த ஒரு குளிர்காலத்துல மேனேஜர் போனார், ஓனர் இறந்துட்டார், டீமோட பெரிய பேட்டர டிரேட் பண்ணாங்க, டிவி காசும் நின்னுபோச்சு. இத்தனையும் நடந்த டீம் அடுத்த வருஷம் முன்னவிட நல்லா ஆடுச்சு. எப்படினு கேட்டா "லக்"னு சொல்லிட்டு போறவங்க நெறைய பேர். அதுல எனக்கு சம்மதம் இல்ல, அதான் எழுதுறேன்.

நாங்க நாலு பேர் சேந்து டீமோட ஸ்டேடியமான பெட்கோ பார்க்ல மேல் அடுக்குல ரெண்டு சீட்ட பங்கு போட்டு வெச்சிருந்தோம். ரெண்டு பேர் கூட வேலை பாக்குறவங்க, ஒருத்தர் பக்கத்து வீட்டுப் பெரியவர், ரிட்டையர் ஆனவர், இந்த டீம 1970கள்ல இருந்து பாக்குறவர். யார் பேரும் இங்க வேண்டாம். டீம்ல இருந்தவங்க பேரு மட்டும் சொல்றேன், அது எல்லாரும் அறிஞ்சதுதான்.

பின்னணி

பேஸ்பால் பாக்காதவங்களுக்கு ஒரு விஷயம் முதல்ல சொல்லிடுறேன். இங்க மேனேஜர்னா கிரிக்கெட் கோச்சும் கேப்டனும் சேந்த ஆளு மாதிரி, யார் ஆடணும், எந்த வரிசைல பேட் பண்ணணும், பிட்சர எப்ப மாத்தணும் எல்லாமே டக்அவுட்ல நின்னு அவர்தான் முடிவு பண்ணுவார். ஜெனரல் மேனேஜர் வேற ஆளு. அவர் ஆபீஸ்ல இருந்து ஆள எடுக்குறவர், விக்குறவர், காச கணக்கு பாக்குறவர். டிரேட்னா பிளேயர காசுக்கு விக்குறது இல்ல, பெரும்பாலும் ஆளுக்கு ஆள் மாத்திக்கிறது, காண்ட்ராக்ட்ல தடை எதுவும் எழுதி வாங்கலேனா பிளேயர்கிட்ட சம்மதம்கூட கேக்க வேண்டியதில்ல.

பாட்ரேஸ்ல ஏ.ஜே. பிரெல்லர் 2014 ஆகஸ்ட்ல இருந்து ஜெனரல் மேனேஜர். அவர் காலத்துல மேனேஜர் நாற்காலி சும்மா இருந்ததே இல்ல. பட் பிளாக்க 2015 ஜூன்ல வேலைய விட்டு தூக்குனாங்க, மீதி சீசனுக்கு பாட் மர்ஃபி, அப்புறம் ஆண்டி கிரீன், அப்புறம் ஜேஸ் டிங்லர், 2021 நவம்பர்ல ஓக்லண்ட்ல இருந்து பாப் மெல்வின். மெல்வின் ரொம்ப மரியாதைக்குரிய ஆளு, அனுபவம் அதிகம், 3 வருஷ காண்ட்ராக்ட். முதல் வருஷம் 2022ல 89 ஜெயிச்சு பிளேஆஃப்ல (சீசன் முடிஞ்சு நடக்குற நாக்அவுட் சுற்றுகள்) மெட்ஸ அடிச்சு, 111 ஆட்டம் ஜெயிச்ச டாட்ஜர்ஸ அடிச்சு, நேஷனல் லீக் ஃபைனல் வரைக்கும் போய் பிலடெல்ஃபியாகிட்ட தோத்தாங்க. ஊரே அப்ப திருவிழா மாதிரி இருந்துச்சு.

அதே 2022 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஹுவான் சோட்டோவ வாஷிங்டன் நேஷனல்ஸ்கிட்ட இருந்து எடுத்தாங்க, கூட ஜாஷ் பெல். நேஷனல்ஸ் குடுக்கறேன்னு சொன்ன 44 கோடி டாலர் காண்ட்ராக்ட்ட சோட்டோ வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறம்தான் அந்த டிரேட். பாட்ரேஸ் அதுக்கு குடுத்த வெல சின்னது இல்ல: சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கன்சி கோர், ஜேம்ஸ் வுட்னு சின்னப் பசங்க வரிசையா போனாங்க. இந்த மூணு பேருமே பின்னாடி வாஷிங்டனுக்காக ஆல்ஸ்டார் (வருஷா வருஷம் சிறந்த ஆட்டக்காரங்கள எடுக்குற அணி) ஆனாங்கன்றத மனசுல வெச்சுக்கோங்க.

ஓனர் பீட்டர் சைட்லர். அவர் தாத்தா வால்டர் ஓமாலிதான் டாட்ஜர்ஸ புரூக்ளின்ல இருந்து லாஸ் ஏஞ்சலஸ் கொண்டு வந்தவர். சான் டியாகோ சின்ன மார்க்கெட், காசு செலவழிக்க முடியாதுனு எல்லாரும் சொன்னப்ப ஏன் முடியாதுனு கேட்டவர் சைட்லர். டீமோட ஸ்டார் பேட்டர்கள் டட்டீஸுக்கு 34 கோடி, மச்சாடோவுக்கு 35 கோடி, போகார்ட்ஸுக்கு 28 கோடி டாலர்னு நீளநீளமா காண்ட்ராக்ட் போட்டாங்க. 2023 சீசன் ஆரம்பத்துல சம்பள பில் கிட்டத்தட்ட 25 கோடி டாலர், நியூயார்க் டீம்கள் ரெண்டுக்கு அடுத்து மூணாவது இடம்.

2023 சீசன்ல என்ன பாத்தோம்

82 ஜெயிச்சு 80 தோத்தாங்க. பிளேஆஃப் இல்ல. ஆனா எதிர் டீமுக்கு குடுத்தத விட 104 ரன் அதிகமா எடுத்திருந்தாங்க, அப்படி எடுக்குற டீம் வழக்கமா 90க்கு மேல ஜெயிக்கும். எங்க விட்டாங்கனு பாத்தா ஒரு ரன் வித்தியாச ஆட்டங்கள்ல 9 ஜெயிப்பு 23 தோல்வி, எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் போன ஆட்டங்கள்ல 2 ஜெயிப்பு 12 தோல்வி. அந்த சீசன்ல ராத்திரி பத்து மணிக்கு சீட்ல உக்காந்து பத்தாவது இன்னிங்ஸ் பாக்குறது எப்படி இருந்துச்சுனா, ரெண்டாவது பேஸ்ல ரன்னர் நிக்கிறான், அவுட்டே இல்ல, இருந்தும் ஒரு ரன் வராதுனு பக்கத்து சீட்டு ஆளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். பாதி பேர் அப்பவே எந்திரிச்சு டிராலி ஸ்டேஷனுக்கு நடக்க ஆரம்பிச்சிடுவாங்க.

இந்த நம்பர ரெண்டு விதமா படிக்கலாம். துரதிர்ஷ்டம், அடுத்த வருஷம் தானா சரியாகும்னு ஒரு வழி. கடைசி இன்னிங்ஸ் முடிவுகள்லயும் டீம் மனநிலைலயும் கோளாறுனு இன்னொரு வழி. ரெண்டாவது வழில படிச்சா பழி நேரா மேனேஜர் தலைல வந்து விழும். ஆனா புல்பென்ல (ஆட்டத்தோட நடுவுல வந்து பந்து போடுற பிட்சர்கள்) யார் இருக்காங்க, பெஞ்ச்ல யார் இருக்காங்கன்றது ஜெனரல் மேனேஜர் குடுத்தது. அதனால இந்த ஒரு நம்பர வெச்சு ரெண்டு பக்கமும் அடுத்தவங்கள காட்ட முடியும். செப்டம்பர்ல பிரெல்லருக்கும் மெல்வினுக்கும் நடுவுல பேச்சே சரியில்ல, ஒட்டாத அளவுக்கு விரிசல்னு பத்திரிகைகள்ல வந்துச்சு.

இன்னொரு பக்கம் காசு. டீம் ஆட்டத்த ஒளிபரப்புன டிவி கம்பெனி திவால் கோர்ட்டுக்கு போய், கட்ட வேண்டிய தவணைய கட்டாம, 2023 மே கடைசில உரிமை டீம்கிட்டயே திரும்பி வந்துச்சு. வருஷத்துக்கு சுமார் 6 கோடி டாலர் வந்துட்டு இருந்த வழி. அந்த வருஷத்துக்கு மட்டும் லீக் 80 சதவீதம் வரைக்கும் தாங்குச்சு, 2024க்கு அப்படி எதுவும் கிடையாது. சம்பளம் உட்பட செலவுகளுக்காக டீம் 5 கோடி டாலர் கடன் வாங்குச்சுன்ற செய்தியும் நவம்பர் ஆரம்பத்துல வெளிய வந்துச்சு. மூணு வருஷமா தொடர்ச்சியா லக்சரி டாக்ஸ் (சம்பள பில் ஒரு அளவ தாண்டுனா லீக் போடுற வரி) எல்லைய தாண்டியிருந்தாங்க. மூணாவது வருஷம் தாண்டுன தொகைக்கு அடிப்படை வரியே 50 சதவீதம்.

ஆனா ஸ்டேடியம் மட்டும் நிறைஞ்சு வழிஞ்சுது. 32 லட்சத்துக்கும் மேல ஆளுங்க வந்தாங்க, டீம் வரலாற்றுல அதுவரைக்கும் அதான் அதிகம். டிக்கெட் விக்கிற வேகத்த பாத்து காசுக்கு பஞ்சமே இல்லனு நாங்க நெனச்சோம், அது தப்பு.

முதல் முடிவு: மேனேஜர விட்டது

அக்டோபர் முதல் வாரத்துல பிரெல்லர் பத்திரிகையாளர்கள்கிட்ட மெல்வின்தான் 2024லயும் மேனேஜர்னு சொன்னார். அவர் காண்ட்ராக்ட்ல இன்னும் 1 வருஷம் மிச்சம். சரி முடிஞ்சுதுனு நாங்களும் விட்டுட்டோம்.

சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் செப்டம்பர் கடைசிலயே அவங்க மேனேஜர் கேப் கேப்ளர வேலைய விட்டு தூக்கியிருந்தாங்க. மெல்வின் அந்த ஏரியாக்காரர், 80கள்ல ஜயன்ட்ஸுக்கே கேட்சரா ஆடுனவர். காண்ட்ராக்ட்ல இருக்குற ஆளோட பேசணும்னா இருக்குற டீம் அனுமதி குடுக்கணும். பாட்ரேஸ் குடுத்தாங்க. அக்டோபர் 25 அன்னிக்கு அவர் ஜயன்ட்ஸ் மேனேஜர். "இவர்தான் எங்க ஆளு"னு சொன்ன வாய் காயுறதுக்குள்ள, மூணே வாரத்துல, அதுவும் அதே டிவிஷன்ல (லீக்குக்குள்ள இருக்குற சின்ன குழு) இருக்குற போட்டி டீமுக்கு.

பதிலுக்கு ஒரு பிளேயரகூட கேக்கல. 2012ல டொரான்டோ மேனேஜர் ஜான் ஃபேரல பாஸ்டன் கேட்டப்ப டொரான்டோ மைக் அவிலெஸ வாங்கிட்டுதான் விட்டாங்க, அதுக்கு அடுத்த வருஷமே ஃபேரல் பாஸ்டனுக்கு வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சு குடுத்தார். மேனேஜருக்கும் வெல உண்டு. ஆனா 2021ல ஓக்லண்ட் இதே மெல்வின பாட்ரேஸுக்கு சும்மாதான் விட்டாங்க, அதனால கேக்க வாய் வரலையோ, இல்ல சீக்கிரம் முடிஞ்சா போதும்னு இருந்தாங்களோ.

ஏன் விட்டாங்கனு என் கணிப்ப சொல்றேன். ஒட்டாத ரெண்டு பேர ஒரே வீட்ல இன்னொரு வருஷம் வெச்சா அந்த வருஷமும் போச்சு. மெல்வின வேலைய விட்டு தூக்கியிருந்தா மிச்ச சம்பளமும் குடுக்கணும், கெட்ட பேரும் வரும். இன்னொரு டீம் வந்து கேட்டது வசதியா போச்சு. விட்டது சரிதான். அதுக்கு மூணு வாரம் முன்னாடி ஊருக்கு குடுத்த வார்த்தைதான் தேவையே இல்லாதது, அத கேட்டு நம்புன பிளேயர்ஸும் இருக்காங்க, ரசிகர்களும் இருக்கோம்.

நவம்பர்: தேடல், நடுவுல ஒரு சாவு

பேரு நெறைய அடிபட்டுச்சு. உள்ள இருந்து ரெண்டு பேர்: பெஞ்ச் கோச், அதாவது மேனேஜருக்கு துணையா இருக்குற ரயன் ஃப்ளாஹர்ட்டி, ஆலோசகரா இருந்த மைக் ஷில்ட். வெளிய இருந்து ஏஞ்சல்ஸ் கோச் பென்ஜி கில். எங்க குரூப்ல ரெண்டு பேர் ஃப்ளாஹர்ட்டி பக்கம், சின்ன வயசு, பிளேயர்ஸுக்கு புடிச்ச ஆளுன்றது அவங்க வாதம். நான் ஷில்ட் பக்கம். பெரியவர் யார் வந்தாலும் பிரெல்லரோட ஒத்துப்போகணும், வேற தகுதி எல்லாம் அப்புறம்னு சொன்னார்.

அந்த மாசம் மார்க்கெட்டும் கலங்கிதான் இருந்துச்சு. நவம்பர் 6ஆம் தேதி மில்வாக்கி மேனேஜரா இருந்த கிரெய்க் கவுன்சல சிகாகோ கப்ஸ் 5 வருஷத்துக்கு 4 கோடி டாலர் குடுத்து தூக்குனாங்க, அதுவரைக்கும் எந்த மேனேஜருக்கும் அவ்வளவு குடுத்ததில்ல. காசில்லாத பாட்ரேஸுக்கு அந்தப் போட்டில எடமே கிடையாது.

நவம்பர் 14ஆம் தேதி பீட்டர் சைட்லர் இறந்துட்டார். 63 வயசு. கேன்சர ரெண்டு தடவ தாண்டி வந்தவர். இந்த ஊர்ல வீடில்லாதவங்களுக்காக அவர் வெளிய தெரியாம செஞ்சது நெறைய, ராத்திரில தெருவுல நடந்து போய் அவங்களோட உக்காந்து பேசுவார்னு இங்க எல்லாருக்கும் தெரியும். ஒரு டீம் ஓனர் செத்ததுக்கு டவுன்டவுன்ல ஆளுங்க அழுதத நான் பாத்தேன். எங்க பெரியவர் அன்னிக்கு போன் பண்ணி ரொம்ப நேரம் ஒன்னும் பேசல, இனிமே யாரு இந்த ஊருக்காக செலவு பண்ணுவாங்கனு மட்டும் கேட்டார். 2024 முழுக்க ஜெர்சில அவர் பேரோட முதல் எழுத்துகள போட்டுதான் ஆடுனாங்க.

ஒரு வாரம் கழிச்சு, நவம்பர் 21, மைக் ஷில்ட்ட மேனேஜரா அறிவிச்சாங்க. 2 வருஷ காண்ட்ராக்ட். இவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ்ல 2018ல இருந்து 2021 வரைக்கும் மேனேஜர், 2019ல நேஷனல் லீக்கோட சிறந்த மேனேஜர் அவார்ட் வாங்குனவர், 2021 செப்டம்பர்ல தொடர்ந்து 17 ஆட்டம் ஜெயிச்சு பிளேஆஃப் போன டீம் அது, ஆனாலும் அந்த அக்டோபர்லயே கருத்து வேறுபாடுனு சொல்லி வேலைய விட்டு தூக்கிட்டாங்க. ஒரு நாளும் புரொஃபஷனலா பேஸ்பால் ஆடாதவர், ஸ்கவுட், மைனர் லீக் (பெரிய லீக்குக்கு கீழ பசங்கள தயார் பண்ற லீக்) கோச்னு அடில இருந்து ஏறி வந்தவர். கார்டினல்ஸ விட்டதுக்கு அப்புறம் பாட்ரேஸ்ல சின்னப் பசங்கள வளக்குற வேலைல ரெண்டு வருஷம் இருந்தார்.

இந்த கடைசி விஷயம்தான் என் கணக்குல முக்கியம். வெளிய எல்லாரும் பிரெல்லர் தனக்கு தலையாட்டுற ஆள தேடுறார்னு பேசுனாங்க. ஆனா காசில்லாம போற வருஷத்துல டீமுக்கு தேவை மைனர் லீக்ல யார் தயாரா இருக்கான்னு நேர்ல பாத்து தெரிஞ்ச ஆளு. அது ஷில்ட்தான். ஃப்ளாஹர்ட்டி கவுன்சலோட கப்ஸுக்கு பெஞ்ச் கோச்சா போயிட்டார்.

டிசம்பர்: சோட்டோ டிரேட், வதந்தியும் நெசமும்

சோட்டோ 2023ல 162 ஆட்டமும் ஆடுனார், 35 ஹோம் ரன், 132 வாக் (நாலு தப்பு பந்துக்கு கெடைக்கிற முதல் பேஸ்). 2024க்கு சம்பளம் 3 கோடி டாலருக்கு மேல போகும்னு எல்லாருக்கும் தெரியும். 2024 முடிஞ்சா ஃப்ரீ ஏஜென்ட், எந்த டீமுக்கு வேணாலும் போகலாம். ஏஜென்ட் ஸ்காட் போராஸ், அவர் ஆளுங்க மார்க்கெட்டுக்கு போகாம முன்னாடியே கையெழுத்து போடுறது அபூர்வம்.

அப்ப பாட்ரேஸ் முன்னாடி மூணு வழி இருந்துச்சு. வெச்சுக்கிட்டு ஒரு வருஷம் முட்டிப் பாக்குறது, போனா ஒரு டிராஃப்ட் பிக் (புதுப் பசங்கள தேர்வு பண்ற வாய்ப்பு) மட்டும் மிஞ்சும். இல்ல ஜூலை வரைக்கும் பாத்துட்டு டீம் சரியில்லேனா விக்கிறது, அப்ப பாதி வருஷ ஆளுக்கு பாதி வெலதான். இல்ல இப்பவே விக்கிறது. பிளேக் ஸ்னெல் அந்த வருஷம் சிறந்த பிட்சருக்கான சை யங் அவார்ட் வாங்கிட்டு ஃப்ரீ ஏஜென்ட், கடைசி இன்னிங்ஸ் பந்து போடுற க்ளோசர் ஜாஷ் ஹேடர் ஃப்ரீ ஏஜென்ட், சேத் லூகோ, மைக்கேல் வாக்கா, நிக் மார்ட்டினெஸ் எல்லாரும் போறாங்க. அதாவது பிட்சிங் சட்டி காலி. 3 கோடிய ஒரே பேட்டர்மேல வெச்சா பந்து போட ஆள் வாங்க காசு இல்ல. சம்பள பில்ல 20 கோடி பக்கம் இறக்கணும், லக்சரி டாக்ஸ் எல்லை 23.7 கோடிக்குள்ள வந்தே ஆகணும்ன்றது அதுக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

வதந்தி எப்படி ஓடுச்சுனா, நவம்பர் கடைசில யான்கீஸ்கூட பேச்சு, பாட்ரேஸ் ஆறேழு பேர் கேக்குறாங்க, அதுல மைக்கேல் கிங்கும் ட்ரூ தோர்ப்பும் இருக்கணுமாம், யான்கீஸ் கடுப்பாகி பேச்ச நிறுத்திட்டாங்கனு ஒரு நாள். டொரான்டோ உள்ள வந்துட்டாங்கனு இன்னொரு நாள். நாஷ்வில்ல எல்லா டீம் ஆளுங்களும் கூடுற வின்டர் மீட்டிங்ஸ் நடக்குது, டிசம்பர் 5ஆம் தேதி யான்கீஸ் பாஸ்டன்கிட்ட இருந்து அலெக்ஸ் வெர்டூகோவ எடுத்தாங்க, அவரும் இடதுகை அவுட்ஃபீல்டர்தான், உடனே சோட்டோ டிரேட் கதை முடிஞ்சுது, அவர் இங்கயேதான்னு எங்க குரூப்ல ஒருத்தர் மெசேஜ் போட்டு, அவர் பங்கு சீட்ட ரின்யூ பண்றேன்னும் சொல்லிட்டார். மறுநாள் ராத்திரி டிரேட் முடிஞ்சுது.

சோட்டோவும் ட்ரென்ட் க்ரிஷமும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் மைக்கேல் கிங், ட்ரூ தோர்ப், ராண்டி வாஸ்கெஸ், ஜோனி ப்ரீட்டோ, கேட்சர் கைல் ஹிகஷியோகா. அஞ்சு பேர்ல நாலு பேர் பிட்சர்.

அன்னிக்கு ராத்திரி நான் ரொம்ப கோவமா இருந்தேன். 2022ல அத்தன பசங்கள குடுத்து வாங்குன ஆள ஒன்ற வருஷத்துல வித்துட்டாங்களேனு. கிங் யாரு? புல்பென்ல ஆடுன ஆளு, 2022ல முழங்கை எலும்பு உடஞ்சவர், 2023 கடைசிலதான் ஸ்டார்டரா (ஆட்டத்த ஆரம்பிக்கிற பிட்சர்) சில ஆட்டம் போட்டார். பெரியவருக்கு போன் பண்ணேன். அவர் 1993ஐ பத்தி சொன்னார். அந்த வருஷமும் பாட்ரேஸ்கிட்ட காசில்ல, கேரி ஷெஃபீல்ட வித்தாங்க, ஃப்ரெட் மெக்ரிஃப்ப வித்தாங்க, ஊரே கொதிச்சுது. ஷெஃபீல்டுக்கு பதிலா ஃப்ளோரிடால இருந்து வந்தவங்கள்ல யாருமே கேள்விப்படாத ஒரு பிட்சர், அவர் வந்து பந்து போட்டப்ப சொந்த ஸ்டேடியத்துலயே கத்தி விரட்டுனாங்களாம். அது ட்ரெவர் ஹாஃப்மன். 601 சேவ் (முன்னிலைய காப்பாத்தி முடிச்ச ஆட்டம்), ஹால் ஆஃப் ஃபேம், பெட்கோ பார்க்ல செலையா நிக்கிறார். "போறவன எல்லாரும்தான் பாக்குறாங்க, நீ வர்றவன பாரு"னு சொன்னார் பெரியவர். எனக்கு அன்னிக்கு அது ஆறுதலா படல, வயசானவர் ஏதோ சொல்றார்னு வெச்சுட்டேன்.

எங்க நாலு பேர்ல ஒருத்தர் அந்த வாரமே பங்க விட்டுட்டார். மூணு பேரா ரின்யூ பண்ணோம்.

ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும்

சோட்டோ யான்கீஸோட 3.1 கோடி டாலருக்கு கையெழுத்து போட்டார், இன்னும் ஃப்ரீ ஏஜென்ட் ஆகாத ஆளோட ஒரு வருஷ ஒப்பந்தத்துல அதுவரைக்கும் அதான் உச்சம். இங்க அந்த வருஷத்துக்கு அதவிட ரொம்ப கம்மி செலவுல புல்பென் கட்டுனாங்க: ஜப்பான்ல இருந்து யூகி மட்சுயி, யான்கீஸ்ல இருந்து வாண்டி பெரால்டா, கொரியால இருந்து கோ வூ சுக். அவுட்ஃபீல்டு மட்டும் வெறிச்சோடி கெடந்துச்சு, டட்டீஸ் ஒருத்தர்தான் நிச்சயம். பிப்ரவரில ஜூரிக்சன் ப்ரோஃபார 10 லட்சம் டாலருக்கு எடுத்தாங்க, யாரும் பெருசா கண்டுக்கல.

ஷில்ட் வேலை தெரிஞ்சது அரிசோனால பியோரியால சீசனுக்கு முன்னாடி நடக்குற பயிற்சி கேம்ப்லதான். முதல் வாரத்துலயே ரெண்டு முடிவு. 28 கோடி டாலர் ஷார்ட்ஸ்டாப் (செகண்ட், தேர்டு பேஸ் நடுவுல நிக்கிற முக்கியமான ஃபீல்டர்) போகார்ட்ஸ செகண்ட் பேஸுக்கு மாத்தி ஹா சாங் கிம்ம ஷார்ட்ஸ்டாப் ஆக்குனது ஒன்னு. கிம்ம டிரேட் பண்ணுவாங்க, இன்னொரு இன்ஃபீல்டர் க்ரோனன்வர்த்த டிரேட் பண்ணுவாங்கனு குளிர்காலம் பூரா பேசுனதெல்லாம் நடக்கல. அவ்வளவு பெரிய காண்ட்ராக்ட் வெச்சிருக்க ஆள்கிட்ட போய் உன் எடத்த குடுன்னு கேக்குறது லேசுப்பட்ட காரியமில்ல, போகார்ட்ஸ் மறுபேச்சு இல்லாம ஒத்துக்கிட்டார், அதுக்கு அவருக்கும் பேரு குடுக்கணும். ரெண்டாவது, ஜாக்சன் மெரில்னு 20 வயசு பையன், மைனர் லீக்ல ஷார்ட்ஸ்டாப், அவன சென்டர் ஃபீல்டுல நிறுத்துனது.

மார்ச் 13 அன்னிக்கு டீம் சீசன் துவக்க ஆட்டத்துக்கு சோல் நகரத்துக்கு கெளம்புற நேரத்துல பிரெல்லர் சிகாகோ வைட் சாக்ஸ்கிட்ட இருந்து டிலன் சீஸ்ன்ற பிட்சர எடுத்தார். குடுத்தது நாலு பேர், அதுல முக்கியமான ஆளு சோட்டோவுக்காக வந்த ட்ரூ தோர்ப். பாட்ரேஸுக்கு ஒரு பந்துகூட போடாம போயிட்டார் அவர். அப்பதான் எனக்கு விளங்குச்சு, டிசம்பர்ல அஞ்சு பேர் கேட்டு அழுத்துனது அந்த அஞ்சு பேரும் ஆடணும்னு இல்ல. சிலர் ஆட, சிலர் அடுத்த டிரேட்டுக்கு முதலீடு.

விளைவு

மார்ச் 20, சோல், கோச்சோக் ஸ்கை டோம், மெரில் சென்டர் ஃபீல்டுல முதல் ஆட்டம். டாட்ஜர்ஸ்கிட்ட 5-2 தோல்வி, மறுநாள் 15-11 ஜெயிப்பு. சீசன் பாதி வரைக்கும் தள்ளாட்டம்தான், ஜூலைல ஆல்ஸ்டார் ஆட்டத்துக்காக விடுற பிரேக் அப்ப 50 ஜெயிப்பு 49 தோல்வி. அதுக்கப்புறம் 43-20. மொத்தம் 93 ஜெயிப்பு. ஜூலை 25ஆம் தேதி வாஷிங்டன்ல சீஸ் நோ ஹிட்டர் (எதிர் டீமுக்கு ஒரு ஹிட்கூட குடுக்காத ஆட்டம்) போட்டார், டீம் வரலாற்றுலயே அது ரெண்டாவதுதான். மெரில் 24 ஹோம் ரன், 90 ஆர்.பி.ஐ. (அவர் பேட்டிங்கால வந்த ரன்), சிறந்த புதுமுகம் ஓட்டுல பால் ஸ்கீன்ஸுக்கு அடுத்த இடம். 10 லட்சம் டாலர் ப்ரோஃபார் ஆல்ஸ்டார் ஆனார், அவரும் 24 ஹோம் ரன். ஹிகஷியோகா 17. கிங் 13 ஜெயிப்பு, 201 ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. (9 இன்னிங்ஸுக்கு குடுத்த ரன் சராசரி) 2.95.

அக்டோபர் 1ஆம் தேதி வைல்டு கார்டு, அதாவது பிளேஆஃப் முதல் சுற்றுல முதல் ஆட்டம், அட்லாண்டாவுக்கு எதிரா, பெட்கோ பார்க். பெரியவரும் நானும் போயிருந்தோம். கிங் 7 இன்னிங்ஸ் போட்டார், ரன் இல்ல, வாக் இல்ல, 12 ஸ்ட்ரைக்அவுட். ஒவ்வொரு ரெண்டாவது ஸ்ட்ரைக்குக்கும் மொத்த ஸ்டேடியமும் எந்திரிச்சு நிக்குது, மஞ்சத் துண்டு சுத்துது, காதுல ஒன்னும் விழல. பெரியவர் மட்டும் உக்காந்தே இருந்தார், முட்டி வலி, முன்னாடி நிக்கிறவங்க இடுப்புக்கு நடுவுல கெடைக்கிற சந்துல பாத்துட்டு இருந்தார். டிசம்பர் ராத்திரி பேச்ச அவரும் எடுக்கல நானும் எடுக்கல.

அட்லாண்டாவ ரெண்டு ஆட்டத்துல முடிச்சாங்க. அப்புறம் டாட்ஜர்ஸ், 2-1னு முன்னாடி இருந்தோம், நாலாவது ஆட்டம் 8-0, அஞ்சாவது 2-0, கடைசி 24 இன்னிங்ஸ்ல பாட்ரேஸ் ஒரு ரன்கூட எடுக்கல. அந்த ரெண்டு ராத்திரியும் சோட்டோ இருந்திருந்தா எப்படி இருக்கும்னு நான் நெனச்சேன், இல்லனு சொல்ல மாட்டேன். அவர் அதே மாசம் கிளீவ்லண்ட்ல பத்தாவது இன்னிங்ஸ்ல மூணு ரன் ஹோம் ரன் அடிச்சு யான்கீஸ வேர்ல்ட் சீரிஸுக்கு கூட்டிட்டு போனார், டிசம்பர்ல 76.5 கோடி டாலருக்கு மெட்ஸுக்கு போனார். யான்கீஸுக்கும் ஒரு வருஷத்துக்குதான் கெடச்சார்.

மெல்வின் ஜயன்ட்ஸ்ல 2024ல 80-82, 2025ல 81-81, 2025 செப்டம்பர் கடைசில அவங்களும் அவர வேலைய விட்டு தூக்கிட்டாங்க. அதனால மெல்வின் மோசம்னு நான் சொல்ல மாட்டேன், 2022ல இந்த ஊருக்கு அவர் குடுத்தது யாரும் மறக்கல.

திரும்ப செய்யணும்னா எத மாத்தணும்

சோட்டோ டிரேட்ல மாத்த எனக்கு ஒன்னும் இல்ல. பேச்சு முறிஞ்சுதுனு செய்தி வந்தப்பவும் கிங் இல்லாம முடியாதுனு பிடிச்சு நின்னாங்க பாருங்க, அதுதான் மொத்த வருஷத்தையும் காப்பாத்துச்சு. தப்பு 2022லயே நடந்துபோச்சு, வுட், ஏப்ரம்ஸ், கோர் மூணு பேரும் இன்னும் குறஞ்ச சம்பளத்துல இங்க இருந்திருந்தா 2023ல கடன் வாங்குற நெலமை வந்திருக்காது.

மேனேஜர் விஷயம்தான் மாத்தணும். சீசன் முடிஞ்ச உடனே பத்திரிகைக்கு முன்னாடி உறுதி குடுக்காம, ஓனர், ஜெனரல் மேனேஜர், மேனேஜர் மூணு பேரும் உக்காந்து பேசி முடிச்சுட்டு சொல்லியிருக்கணும். அதே டிவிஷன்ல இருக்குற டீம் கேட்டா ஒரு ப்ராஸ்பெக்டாவது (வளர்ந்து வர்ற சின்னப் பையன்) கேட்டிருக்கணும். ஏன் ஜெனரல் மேனேஜரோட மேனேஜர்கள் யாரும் நீடிக்கலன்ற கேள்விய வெளி ஆள வெச்சாவது விசாரிச்சிருக்கணும், அது நடந்த மாதிரி தெரியல. எங்க பக்கம் மாத்த வேண்டியது, வின்டர் மீட்டிங்ஸ் வாரத்து வதந்திய நம்பி சீட்டு முடிவு எடுக்குறது. வெர்டூகோ செய்திய நம்பி ரின்யூ பண்றேன்னு சொன்னவர்தான் டிரேட் ஆனதும் கோவத்துல விட்டவர், அக்டோபர் 1 அன்னிக்கு வீட்ல உக்காந்து பாத்தார்.

2024 டிசம்பர்ல ஷில்ட் காண்ட்ராக்ட்ட 2027 வரைக்கும் நீட்டுனாங்க. 2025ல 90 ஜெயிச்சாங்க, வைல்டு கார்டுல கப்ஸ்கிட்ட தோத்தாங்க. அக்டோபர் 11ஆம் தேதி காலைல எந்திரிச்சு போன பாத்தா ஷில்ட் ரிட்டையர் ஆகுறார்னு செய்தி. மனசுக்கும் ஒடம்புக்கும் முடியலனு சொல்லியிருந்தார். நவம்பர்ல கிரெய்க் ஸ்டேமன போட்டாங்க, பாட்ரேஸ் புல்பென்ல ஆடுனவர், மேனேஜரா ஒரு நாள்கூட இருந்ததில்ல. பெரியவருக்கு செய்திய அனுப்புனேன், பிரெல்லர்கீழ இவர் எத்தனாவது ஆளுனு கேட்டு பதில் போட்டார். மெல்வின் போனப்ப காண்ட்ராக்ட்ல 1 வருஷம் மிச்சம் இருந்துச்சு, ஷில்ட் போனப்ப 2 வருஷம்.